ஜாவாவுக்குப் போன பாஞ்சாலி

மானாம்பதியில் பாஞ்சாலிக்குக் கூத்துப் பைத்தியம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடந்துகொண்டிருந்தபோது பிறந்தவள். அதனால்தான் அந்தப் பெயரையே வைத்தார்கள். உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் எங்கே கூத்து என்றாலும், கழனி வேலையை முடித்துவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கர்ணன் பாட்டு, துரியோதனன் பாட்டு எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். நாற்று நடும்போது அவள் குரலெடுத்துப் பாடினால் வரப்பில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். ஆனால் மேடை ஏறியதில்லை. அந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணும் ஏறியதில்லை. கூத்தில் பெண் வேஷத்தையும் ஆண்கள்தான் கட்டினார்கள்.

அவளுக்கு ஒரே மகள், கனகா. மருமகன் முத்துவேல் நூல் மில்லில் மெக்கானிக். அவனுக்கு இந்தோனேசியாவில், ஜாவா தீவில் ஒரு மில்லில் வேலை கிடைத்துப் பெண்சாதியோடு போய் இரண்டு வருஷமாகிவிட்டது. எண்பத்து மூன்றாம் வருஷம் தை அறுவடை முடிந்த கையோடு, அப்பாவும் அம்மாவும் வந்து மூன்று மாதம் இருந்து ஊர் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்று இரண்டு பேருக்கும் விமான டிக்கெட்டே அனுப்பிவிட்டாள் கனகா.

புருஷன் வேதாசலம் மாட்டேன் என்றுவிட்டார்.

"கடலைக்குத் தண்ணி கட்டணும், மாடு சினையா கீது. ஆகாசத்துல போற வண்டியில எனக்கு இன்னாமே வேல? நீயும் போவாத. தனியா எங்கன்னு போவ?"

"நீங்க வராங்காட்டி போங்க, கனகா நைனா. நான் போறேன்" என்றாள் பாஞ்சாலி. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. திருப்பதிக்கு அப்பால் எந்த ஊரையும் பார்க்காதவள். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

வேதாசலத்தின் அக்கா கோவிந்தம்மாள் தெருமுனையில் இருந்தே கத்திக்கொண்டு வந்தாள். "அம்பத்தேழு வயசுல பொம்பள ஒண்டியா கடல் தாண்டிப் போறியாமே? எவனாவது கேட்டா சிரிப்பான்!"

"அனுமாரு ஒண்டியாத்தான் தாண்டுனாரு, அண்ணி."

"இந்த வருஷம் பாரதம் வெக்கறாங்களே, அத்தக்கூட வுட்டுட்டா போற?"

இந்தக் கேள்வி மட்டும் பாஞ்சாலியைச் சுருக்கென்று தைத்தது. நினைவு தெரிந்து அவள் ஒரு பாரதத்தையும் விட்டதில்லை. ஒரு நாள் பூராவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் எழுந்து, புதுச் சேலை எடுக்கக் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறிவிட்டாள்.

மீனம்பாக்கத்தில் வழியனுப்ப வந்த வேதாசலம் கடைசியாகச் சொன்னது, "பயமா இருந்தா கண்ண மூடிக்க" என்பதுதான். பாஞ்சாலி ஒரு கணம்கூடக் கண்ணை மூடவில்லை. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியபோது கீழே ஏரிகள் வெயிலில் வெள்ளித் தட்டு மாதிரி மின்னின. பிறகு ஒரேயடியாகக் கடல், அதையும் மறைத்து மேகம். "அய்யோ, மோடத்துக்கு மேல வந்துட்டோமே!" என்று பக்கத்து சீட்டுக்காரரின் கையைப் பிடித்து உலுக்கினாள். அவர் அடிக்கடி போய்வருகிறவர், தூங்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார்.

மில் வேலையாக சிங்கப்பூர் வந்திருந்த முத்துவேல் அங்கே அவளை அழைத்துக்கொண்டான். அன்று சாயங்காலம் கடைத்தெருவில் நடக்கும்போது, தெருவை அடைத்து மேடை போட்டுச் சீனர்கள் ஏதோ நாடகம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்கு வெள்ளை முகம், ஒருவனுக்குச் சிவப்பு முகம், முதுகில் கொடிகள். தாளம் காதைப் பிளந்தது. பாஞ்சாலி அப்படியே நின்றுவிட்டாள்.

"அத்தை, நேரமாவுது" என்றான் முத்துவேல்.

"இருங்க மாப்ள. அந்தச் செவப்பு மூஞ்சிக்காரன் ராஜா. எதுத்தாப்பல நிக்கறவன் துரோகி. நடையப் பாத்தாலே தெரியலியா?"

முத்துவேல் பக்கத்தில் நின்ற ஒருவரிடம் விசாரித்தான். அவள் சொன்னது பாதிதான் சரி. சிவப்பு முகம் ராஜா இல்லை, படைத்தலைவன். அதற்காகப் பாஞ்சாலி வருத்தப்படவில்லை. ஆட்டம் முடியும்வரை அங்கிருந்து நகரவும் இல்லை.

ஜாவாவில் மில் குடியிருப்பு, சோலோ என்ற நகரத்துக்கு வெளியே இருந்தது. வாசலைத் தாண்டினால் நெல் வயல்தான். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் கனகா பின்பக்கம் துணி உலர்த்தப் போனவள் அம்மாவைக் காணாமல் தேடினாள். பாஞ்சாலி முழங்கால் சேற்றில், ஜாவாக்காரப் பெண்களோடு வரிசையில் நின்று நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். அவர்களும் பின்னால் நகர்ந்துகொண்டேதான் நட்டார்கள். பாஷை ஒரு வார்த்தை தெரியாது. வேலையில் ஒரு வித்தியாசமும் இல்லை. பாஞ்சாலி பாட்டை எடுத்ததும் அவர்கள் நிமிர்ந்து பார்த்துக் கலகலவென்று சிரித்தார்கள். பிறகு அவர்கள் பாடினார்கள். இவள் கேட்டாள்.

அந்த வரிசையில் இருந்தவள் சுமியாத்தி. பக்கத்து வீட்டுக்காரி, ஏறக்குறையப் பாஞ்சாலி வயசுதான். அன்றிலிருந்து பாஞ்சாலிக்கு அவள் சுமதியாகிவிட்டாள். இருவரும் கைஜாடையிலேயே மணிக்கணக்கில் பேசினார்கள். அந்தப் பேச்சின் நடுவில்தான் ஒரு நாள் பாஞ்சாலி வில் வளைப்பதுபோல் கையைக் காட்டி, "அர்ஜுனன்" என்றாள். சுமியாத்தி துள்ளி எழுந்தாள். "அர்ஜுனா!" தொடையைத் தட்டி, "பீமா!" என்றாள். ஐந்து வேளையும் தொழுகிற முஸ்லிம் வீடு அது. அந்த வீட்டுக்காரி தருமன், நகுலன், சகாதேவன் என்று சொந்த அண்ணன் தம்பிகளைப்போல ஒவ்வொருவராக விரல் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கனகா! ஓடியாடி! இங்கியும் பாரதம் கீதாம்டி!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லோரும் நகரத்தில் இருந்த நாடகக் கொட்டகைக்குப் போனார்கள். மேடைக்குக் கீழே வெண்கல வட்டில்களும் தொங்கும் பெரிய பெரிய மணித்தட்டுகளும் வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தட்டத் தொடங்கியதும், மழைக்காலத்தில் ஏரியில் தண்ணீர் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. பாஞ்சாலி சீட்டின் நுனிக்கு வந்துவிட்டாள்.

முதலில் தொந்தியும் தொப்பையுமாக ஒருவன் வந்து ஏதோ சொன்னான். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கட்டியங்காரன்" என்று கூத்துக் கோமாளியின் பெயரைச் சொல்லிப் பாஞ்சாலியும் சிரித்தாள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணியைக் கட்டிக்கொண்டு தரை அதிர ஒருவன் வந்தான். "பீமன்!" யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் அர்ஜுனன் வந்தபோதுதான் அவள் திகைத்தாள். மானாம்பதி அர்ஜுனன் புஜக்கட்டையும் கிரீடமுமாகத் திரையைக் கிழித்துக்கொண்டு குதித்து வருவான். இங்கே ஒரு மெல்லிய உருவம், பார்வையைத் தாழ்த்தி, தண்ணீர்மேல் நடப்பதுபோல் நடந்து வந்தது. கை விரல் ஒன்று அசைந்தது. அவ்வளவுதான். கொட்டகையே அடங்கிப்போயிற்று.

"இவனா அர்ஜுனன்?" என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்த விரலிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

அன்று சூதாட்டக் கதை. திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்தபோது பாஞ்சாலி எழுந்து நின்று கையைத் தூக்கிக் கும்பிட்டாள். பின்னால் இருந்தவர் மறைக்கிறது என்று சொல்லவில்லை; அவரும் எழுந்து நின்றார்.

ஆட்டம் முடிந்ததும் சுமியாத்தி குறும்பாகச் சிரித்துக்கொண்டே அவளை மேடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். வேஷம் போட்ட அர்ஜுனன் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கிரீடத்தைக் கழற்றினான். உள்ளேயிருந்து நீளமான கூந்தல் சரிந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தவள் ஒரு பெண். சுமியாத்தியின் தங்கை ரத்னா.

பாஞ்சாலி வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு, "அடிப்பாவி! பொம்பளயா நீ!" என்று அவள் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள்.

இங்கே அர்ஜுனன் வேஷத்தைப் பெண்கள் கட்டுவது வழக்கம்தான் என்று முத்துவேல் விசாரித்துச் சொன்னான். உங்கள் ஊரில் திரௌபதியாக யார் ஆடுவார்கள் என்று ரத்னா கேட்டாள்.

"மீசைய மழிச்ச ஆம்பள!" என்றாள் பாஞ்சாலி.

முத்துவேல் அதை மொழிபெயர்த்ததும் அறையே அதிர்ந்தது. பீமன் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அடுத்தது பாஞ்சாலிக்கு அதிர்ச்சி. இவர்கள் கதையில் திரௌபதிக்குத் தருமர் ஒருவர்தான் புருஷன். "ஒண்ணா? அஞ்சு!" என்று ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு சண்டைக்குப் போனாள். ஜாவாப் பெண்கள் ஒற்றை விரலைக் காட்டினார்கள். கடைசியில் சுமியாத்தி, ஒருத்தனைக் கட்டி மேய்ப்பதே பெரும்பாடு என்பதுபோல் தலையில் கை வைத்துக் காட்ட, சண்டை சிரிப்பில் கரைந்தது.

"உங்க ஊர்ல எப்படிப் பாடுவாங்கன்னு கேக்கறாங்க, அத்தை" என்றான் முத்துவேல்.

பாஞ்சாலி மருமகனைப் பார்த்தாள். கூச்சமாக இருந்தது. கழனியில் பாடுவது வேறு. ஆனால் ரத்னா எழுந்து, தன் இடத்தை அவளுக்கு விட்டு ஒதுங்கி நின்றாள். பாஞ்சாலி கொண்டையை அவிழ்த்தாள். நரைத்த தலைமயிர் தோளில் விழுந்தது.

"அவிழ்த்த கூந்தல் அவிழ்ந்தே கிடக்கட்டும் — அந்தத்
துரியன் தொடை பிளந்து உதிரம் பாயும் மட்டும்!"

ஊர் எல்லைவரை கேட்கிற குரல். கலைந்து போய்க்கொண்டிருந்த மேளக்காரர் திரும்பி வந்தார். இரண்டாவது அடியில் தாளத்தைப் பிடித்துவிட்டார். அவர் தட்ட, இவள் பாட, கால் தானாக அடவு வைத்தது. எத்தனை பேர் வந்து கூடினார்கள் என்று அவள் பார்க்கவே இல்லை. கனகா அழுதுகொண்டிருந்தாள். முடித்தபோது பீமன் வேஷக்காரன் தரையில் நெற்றி படக் குனிந்து வணங்கினான்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை. ரத்னா அவளுக்கு அர்ஜுனன் நடையைச் சொல்லிக் கொடுத்தாள். முத்துவேல் ஒரு விடுமுறையில், மலைமேல் கல்லால் அடுக்கிய பெரிய புத்தர் கோயிலுக்கு அழைத்துப் போனான். அத்தனை படியும் ஏறி உச்சியில் நின்று, "மேல்மருவத்தூர் வரிக்கும் தெரியுமா?" என்று கேட்டுத் தானே சிரித்தாள்.

ஊர் திரும்பியதும் மானாம்பதியே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. வரப்பில் அர்ஜுனன் நடை நடந்து காட்டினாள். கூத்து வாத்தியார் சேட்டுவும் பார்த்தார்.

"அண்ணே, வர பாரதத்துல எனக்கு ஒரு வேசம் குடு."

சேட்டு தலையைச் சொறிந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஊரு ஒத்துக்காதே."

அவர் சொன்னதுபோலவே ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் கழனியில் பாஞ்சாலி பாட்டு எடுக்கவே இல்லை. வேதாசலம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, "அந்த ஊருக்கு இன்னொரு தபா போனா நானும் வரணுமா?" என்று கேட்டார். பாஞ்சாலி குழம்பு ஊற்றுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

எண்பத்தாறில் இருவரும் போனார்கள். விமானத்தில் வேதாசலம் கண்ணை இறுக மூடிக்கொண்டே ஜாவா போய்ச் சேர்ந்தார். ரத்னா கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டாம் வாரம் அரண்மனைக் காட்சியில் திரௌபதிக்குப் பின்னால் நிற்கும் தோழிகளில் ஒருத்தியாகப் பாஞ்சாலியையும் நிறுத்தினார்கள். வசனம் இல்லை. நெற்றியில் தங்கப் பட்டம், இடுப்பில் பச்சைப் பட்டு, முகத்தில் மஞ்சள் பூச்சு. அறுபது வயதில் முதன்முதலாக அவள் மேடையில் நின்றாள். அர்ஜுனனாக அவளைக் கடந்து போன ரத்னா, யாருக்கும் தெரியாமல் ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

முன்வரிசையில் இருந்த வேதாசலம் பக்கத்தில் இருந்த ஜாவாக்காரரின் தோளைத் தட்டி, "அந்தப் பச்ச சேல... எங்க வூட்டுக்காரி" என்று தமிழிலேயே சொன்னார். காட்சி முடியும்வரை மூன்று முறை சொல்லியிருப்பார். அந்த மனிதரும் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினார்.

வேஷத்தைக் கலைக்காமலே பாஞ்சாலி பின்கட்டில் உட்கார்ந்து வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்துச் சோறு தின்றுகொண்டிருந்தாள். கிழக்கே பாலி என்று ஒரு தீவு இருக்கிறது, அங்கே வேறு மாதிரி ஆடுவார்கள் என்று ரத்னா சொல்லியிருந்தாள்.

"மாப்ள" என்றாள் வாய் நிறையச் சோற்றோடு, "பாலி எம்மாம் தூரம்? கப்பல்லயே போவலாமாமே?"

"கப்பலா?" என்றார் வேதாசலம்.

"நீங்க வராங்காட்டி போங்க."

"யாரு வரலன்னாங்க?" என்று அவர் அவள் பொட்டலத்திலிருந்து ஒரு மீன் துண்டை எடுத்துக்கொண்டார். "எந்தக் கெழம கெளம்பறதுன்னு கேளு."