மங்காத மஞ்சள்

எங்கள் நாய்க்கு முறையான பெயர் ஒன்று உண்டு, வாங்கி வந்த நாளோடு சரி. 'டேய்' என்றால்தான் ஓடி வரும். வெள்ளை நாய், வயிறு மட்டும் இளஞ்சிவப்பு. அதற்கும் என் வீட்டுக்காரருக்கும் இருந்த ஒரே பகை அவருடைய கார் டயர். அவர் அக்கரையில், புக்கிட் தெங்காவில் வேலை முடித்து, கடல் பாலத்து நெரிசலில் நொந்து நூலாகி வீடு வந்து காரை நிறுத்துவார். டேய் நேராகப் போய்ப் பின் டயரில் காலைத் தூக்கும். அவர் செருப்பைத் தூக்குவார். தினமும் இந்தக் கூத்துதான்.

அந்த வருஷம் மழை விட்டபாடில்லை. பின்சந்துச் சாக்கடை பொங்கி வாசல்வரை வந்தது. அந்த ஈரத்திலேயே புரண்டு நாயின் வயிறெல்லாம் சீழ்க்கொப்புளம். சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்திருந்த நாத்தனார், மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துப் பூசச் சொன்னார். நான் லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்க்கிறேன். பக்கத்து மளிகைக் கடையில் முழு மஞ்சளாகவே வாங்கி வந்து அரைத்தேன், எனக்குப் பொடியில் நம்பிக்கை கிடையாது. பூசப் பூசக் கொப்புளம் அமுங்கிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பூசுவதை நிறுத்திய பிறகும் நிறம் போகவில்லை. சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன், போகவில்லை. தேங்காய் எண்ணெய் வைத்துத் தேய்த்தேன், ம்ஹூம். மஞ்சள் என்றால் இதல்லவா மஞ்சள் என்று மளிகைக் கடைக்காரரிடமே போய்ப் பாராட்டினேன். அவருக்கு வாயெல்லாம் பல். நாயின் வயிற்றைப் படம் பிடித்து நாத்தனாருக்கும் அனுப்பி வைத்தேன்.

இதற்கிடையில் டேய் சரியாகச் சாப்பிடவில்லை. வாந்தி வேறு எடுத்தது. கண்டதைத் தின்றிருக்கும் என்று விட்டுவிட்டோம். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் காரை நிறுத்தி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு காத்து நின்றார். அது வரவில்லை. படுத்த இடத்திலிருந்தே வாலை ஒருமுறை ஆட்டியது, அவ்வளவுதான்.

"இங்க வந்து பாரு. இவனுக்கு என்னமோ ஆயிருச்சுலா," என்றார். செருப்பு இன்னும் கையில்தான் இருந்தது. நாயை அப்படியே அள்ளிக் காரில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் பறந்தோம்.

டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், சின்ன வயசு. நாயை மேசையில் புரட்டி வயிற்றைப் பார்த்ததும் மஞ்சள் பூசினீர்களா என்று கேட்டார். கேட்டால் நான் விடுவேனா? கொப்புளம் அமுங்கியது, கழுவியும் நிறம் போகாதது, எந்த ரோட்டில் எந்தக் கடை என்பது வரை மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கையுறையை மாட்டி, நாயின் மேலுதட்டைத் தூக்கினார்.

"ஈறுலயுமா பூசுனீங்க, அக்கா?"

எட்டிப் பார்த்தேன். ஈறு மஞ்சள். கண்ணின் வெள்ளைகூட மஞ்சள். அடிப்பாவி, இத்தனை நாளாக நான் ஊரெல்லாம் மெச்சிக்கொண்டு திரிந்தது நாயின் காமாலையை!

எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சலாக இருக்கும் என்றார், ரத்தப் பரிசோதனையும் அதைத்தான் சொன்னது. மழைக்காலத்தில் மனிதர்களுக்கும் வருமே, மலாய்க்காரர்கள் 'கென்சிங் தீக்குஸ்' என்பார்களே, அதேதான். எலியின் மூத்திரத்தில் இருக்கும் கிருமி சாக்கடைத் தண்ணீரில் கலக்கிறது. அதில் புரண்டு, அதையே நக்கிய நாய்க்கு ஈரல் வீங்கி, சிறுநீரகமும் படுத்துக்கொண்டிருந்தது. டிரிப் ஏற்றினார்கள், பென்சிலின் ஊசி போட்டார்கள். எங்களில் யாருக்காவது காய்ச்சல் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எச்சரித்தார். பிறகு, எதை எதிர்பார்க்க வேண்டும் என்று சொன்னார்.

"இது நல்லா ஒண்ணுக்குப் போகணும், அக்கா. போச்சுன்னா பொழச்சுக்கும்."

நாயை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினோம். வீட்டுக்காரர் வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல், ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இந்த டயருல ஒரே ஒரு தடவ ஒண்ணுக்கு அடிக்கட்டும்லா. ஆயுசுக்கும் செருப்பத் தூக்கமாட்டேன்."

மறுநாள் கடையில் எனக்குக் கை ஓடவில்லை. ஒரு கல்யாண வீட்டார் பட்டுப்புடவைகளை மலைபோல் விரிக்க வைத்திருந்த நேரம், டாக்டர் போன் செய்தார். நன்றாகப் போய்விட்டதாம், கூண்டெல்லாம் ஈரமாம். நான் இருந்த இடத்தை மறந்து, "ஒண்ணுக்குப் போயிட்டான்" என்று கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. மணப்பெண்ணின் அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைக்கு எத்தனை மாசம் என்று கேட்டார். நாய் என்று சொல்ல வாய் வரவில்லை. அழுகையும் சிரிப்புமாக நின்றேன். அவர்கள் அன்றைக்கு என்னிடம் பேரமே பேசவில்லை.

டேய் எலும்பும் தோலுமாக வீடு வந்தது. தெம்பு வந்துவிட்டதென்று மாத்திரையை நடுவில் நிறுத்தினால் கிருமி உள்ளேயே தங்கிவிடும் என்று டாக்டர் மிரட்டி அனுப்பியிருந்தார். கடைசி மாத்திரைவரை மீன்குழம்புச் சோற்றில் பொதிந்து ஊட்டினேன். அது வந்து சேர்ந்த முதல் சாயங்காலமே தள்ளாடிப் போய்ப் பின் டயரில் காலைத் தூக்கியது. வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, சாமி ஊர்வலம் பார்ப்பதுபோல் நின்று பார்த்தார். பிறகு, நாயின் மூத்திரத்திலும் கிருமி இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கையுறை மாட்டி, பிளீச் ஊற்றி அவரே டயரைக் கழுவினார். தினமும் கழுவினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தப் பொறுமை எனக்குப் பிடிக்கவே இல்லை. இன்னும் அது செத்துவிடும் என்றுதான் பயப்படுகிறார் என்று எனக்குத் தெரியும்.

மாத்திரையெல்லாம் முடிந்து, ஈறு பழையபடி சிவந்து, தடுப்பூசியும் போட்டாகிவிட்டது. ஒரு சாயங்காலம் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் கார் நிற்கும் சத்தம். கொஞ்ச நேரத்தில் டேய் வாலைச் சுருட்டிக்கொண்டு உள்ளே பறந்து வந்து என் காலுக்குப் பின்னால் ஒளிந்தது. பின்னாலேயே செருப்பும் பறந்து வந்து விழுந்தது. வாசலில் அவர் நாயின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு, சந்தோஷம் தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.