கூடத்தில் ஒரு ஷிப்ட்

சேஃப்டி ஷூ போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிற ஒருவரை நான் நெய்வேலியில்தான் பார்த்தேன். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர், ஒல்லியானவர், மைன்ஸில் ஷிப்ட் வேலை. வயிற்றுக் கட்டிக்குப் பெரிய ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. அதைத் தாங்க இதயம் பலப்பட வேண்டும், வீட்டிலேயே நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் காலையில் கூடத்தில் நடப்பார். சமையலறையிலிருந்து மனைவி வந்து நிற்கும்வரை உட்காரவே மாட்டார்.

ஏன் என்று கேட்டேன்.

"ரிலீவ் பண்ண அடுத்த ஆளு வராம எடத்த விட்டு நகரக் கூடாதுங்க. மைன்ஸ்ல பழகிப்போச்சு."

அந்த அக்கா சிரித்தபடி அவருக்குப் பதிலாக ஒரு சுற்று நடப்பார்.

ஆபரேஷனுக்கு மகன் அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனான். மறுநாள் காலையிலும் ஷூ சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். காலுக்குப் பெரிதான அந்த ஷூவோடு அக்கா நடந்துகொண்டிருந்தார்.

"உக்காருங்கக்கா," என்றேன்.

"அவரு வந்து ரிலீவ் பண்ணட்டும்," என்றார், நிற்காமல்.