வசந்தா சிவப்பு அட்டை கட்டிய கருவி

வசந்தா போய்விட்டாள் என்று எங்கள் பாட்டுக் குழுவின் முனிராஜுதான் போனில் சொன்னார். காலை ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தேன். மத்தூரில் அம்மா வீட்டுக்குப் போன இடத்தில் மூளையில் ரத்தக்கசிவு. நாற்பத்து நாலு வயதுதான். பிறகு அவர், "அடுத்த ஞாயித்துக்கெழம கச்சேரிய நிறுத்திடலாமாண்ணா?" என்று கேட்டார். அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டு பஸ்ஸில் ஏறினேன். அன்று சொல்லாத பதிலை, அவளை அறிந்த உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

இயந்திரங்களுக்கான அச்சுகளும் கருவிகளும் செய்கிற டூல் ரூமில் எனக்கு வேலை. அவள் அதே கம்பெனியில் தரப் பரிசோதகர். இயந்திரம் பொருத்த வந்த இத்தாலியப் பொறியாளர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது அவளிடம் நாலு சிடிக்களைக் கொடுத்துவிட்டுப் போனார். ஐரோப்பாவின் பல நூற்றாண்டுப் பழைய பாட்டுகள். கூடவே மத்தியதரைக் கடலின் எதிர்க்கரையில், துருக்கியிலும் மொராக்கோவிலும் பாடுகிற பாட்டுகள். சிறு வயதில் சங்கீதம் கற்றவள் என்பதால் இரண்டு கரைக்கும் உறவு இருப்பது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. மூன்றே மாதத்தில் என்னையும் சேர்த்து ஐந்து பேரைக் கொண்டு ஒரு குழு அமைத்துவிட்டாள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி பயிரிடும் முனிராஜு புல்லாங்குழல். ஓசூரில் இதையெல்லாம் யாரம்மா கேட்பார்கள் என்றேன். "ஒரே பேச்சுல தமிழு, தெலுங்கு, கன்னடம் மூணயும் கலக்கறோம். நமக்கா புரியாது?" என்றாள்.

நீண்ட கழுத்துள்ள தந்திக் கருவி ஒன்று தேவைப்பட்டது. செய்து தருகிறேன் என்று நான் மார்தட்டினேன். ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கே கொடுத்தேன். வீணையில் இருப்பதுபோல விரல் வைக்கிற பித்தளை மெட்டுகளைக் கணக்குப் போட்டு, வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, ஒரு மயிரிழை பிசகாமல் பதித்து ஒட்டினேன். டூல் ரூம்காரனுக்கு அதைவிடப் பெருமை வேறென்ன இருக்கிறது!

முதல் கச்சேரிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒத்திகை. ஐரோப்பியப் பாட்டு பொருந்தி நின்றது. அது கடல் தாண்டித் துருக்கிப் பாட்டாக மாறும் இடத்தில், இரண்டு மெட்டுகளுக்கு நடுவே ஒரு சுரம் வேண்டும். என் கருவியில் அந்தச் சுரம் இல்லவே இல்லை. மறுநாள் வந்து பார்த்தால் கருவியின் கழுத்தில் சிவப்பு அட்டை தொங்கியது. கம்பெனியில் தேறாத உருப்படிக்குக் கட்டுகிற அதே அட்டை. காரணம் எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தாள். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் கேண்டீனில் டீயோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அளவு நூத்துக்கு நூறு சரிண்ணா. ஆனா பாட்டு வரலயே" என்றாள். மெட்டுகளைப் பிடுங்கச் சொன்னாள். ஆறு மாத உழைப்பு என்று கத்தினேன். அவள் மசியவில்லை. அந்த இடைச்சுரத்தை மெல்லப் பாடிக்காட்டி, என்னையும் பாடச் சொன்னாள். என் குரலுக்கும் சங்கீதத்துக்கும் ஏழாம் பொருத்தம். "மொதல்ல தொண்டையில வெய்ண்ணா. அப்புறம் கையி தானா போவும்" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரிக்கச் சிரிக்க, அந்த வாரம் முழுக்க டீ நேரத்தில் பாடினேன். ஆறாம் நாள்தான் அவள் தலையாட்டினாள்.

அன்று மாலையே பித்தளையைப் பிடுங்கினேன். கெலவரப்பள்ளி அணையில் மீன் பிடிப்பவர்களிடம் நைலான் நரம்பு வாங்கி வந்து, கருவியின் கழுத்தைச் சுற்றி மெட்டு மெட்டாகக் கட்டினேன். வேண்டியபடி நகர்த்திக்கொள்ளலாம். வெர்னியரைத் தொடவில்லை, பாடிப் பார்த்துப் பார்த்தே வைத்தேன்.

கச்சேரி ஒரு கல்யாண மண்டபத்தில். பாதிப் பேர் இடையிலேயே எழுந்து போனார்கள். சுருக்கிவிடலாம் என்று முனிராஜு கிசுகிசுத்தார். "இருக்கறவங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்று கேட்டுவிட்டு எல்லாப் பாட்டையும் முழுசாகப் பாடினாள். அந்த இடைச்சுரம் வந்தபோது, கருவியை வாசித்துக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பாராட்டு அவ்வளவுதான். பிடிவாதக்காரி. அவளோடு நான் போட்ட சண்டைகளுக்குக் கணக்கே இல்லை. அவள் இல்லாதது தாங்க முடியாமல் இருக்கிறது.

முனிராஜு, பதில் இதுதான். கச்சேரியை நிறுத்தப்போவதில்லை. அவள் பாட்டை யார் பாடுவது என்று குழுவில் ஆளுக்கொரு பெயர் சொல்கிறீர்கள். வேண்டாம், நானே பாடுகிறேன். குரல் கரகரப்புத்தான். ஆனால் அவள் எனக்கென்று விட்டுப்போனது அந்த ஒரு சுரம். அது என் தொண்டையில் இருக்கிறது. அவளை அறிந்தவர்கள் ஞாயிறன்று வந்து முன்வரிசையில் உட்காருங்கள். பிசகினால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். சொல்ல அவள் இல்லை.