கிணற்றின் பெயரைச் சொன்னவர்

பெற்றோலுக்கும் சமையல் காஸுக்கும் சனம் வரிசையில் நின்று, ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடிய வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு மூன்றாவது மாரி பிடிக்கிற நேரம். வருஷத்தை எண்ணால் சொல்ல எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் போகாதவன். நான் சொல்ல, எங்கள் வாசிகசாலையில் இருப்பவர் இதை எழுதுகிறார்.

அன்று காலை ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று பெரிய தெருவால் மரண அறிவித்தல் சொல்லிக்கொண்டு வந்தது. எங்கள் ஒழுங்கை முகப்பில் திரும்பிப் போய்விட்டது. காற்று எங்கள் பக்கம் அடித்தபடியால்தான் சிவநாயகி மிஸ் காலமான செய்தி காதில் விழுந்தது. எங்கள் கிணற்றடியில் ஒன்பது வருஷம் நின்றவருடைய சாவை, காற்று வந்து சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம்.

முப்பத்தோராம் நாள் அவர் வீட்டில், காலமானவரின் வாழ்க்கையை எழுதிய கல்வெட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் படித்த பள்ளிக்கூடம் இருந்தது. தண்ணீர் சோதிக்கும் உத்தியோகம் பார்த்தது இருந்தது. கொழும்பில் வாங்கிய பரிசும் இருந்தது. அந்தப் பரிசு எதற்குக் கிடைத்தது என்பது மட்டும் இல்லை. ஆகவே அதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கிணறு வெட்டுபவன், சேறு எடுப்பவன். இந்த ஊரில் நான் இறங்காத கிணறு இல்லை. அடியில் நின்று சேறு அள்ளி, ஊற்றுக்கண்ணைத் திறந்துவிட்டு மேலே வந்தால், அதே கிணற்றில் வாளி போட எனக்கு உரிமை இல்லை. சாதி அப்படி. தாகமென்றால் கையை ஏந்த வேண்டும், ஊற்றுவார்கள். பிறகு காலம் மாறிவிட்டதென்று சொல்லிப் பிளாஸ்ரிக் கோப்பையில் தந்தார்கள். அந்தக் கோப்பை வேலியில் தனியாகத் தொங்கும்.

சண்டை முடிந்து சில வருஷத்தில், உத்தியோகத்தை நேரத்தோடு விட்டுவிட்டு மிஸ் ஊரோடு வந்து இருந்தார். ஒருநாள் ஸ்கூட்டரில் என் படலைக்கு வந்து கேட்டார்.

"அண்ணை, இந்த ஊரிலை எத்தினை கிணத்துக்கை இறங்கியிருக்கிறியள்?"

மேல்சாதிக்காரர் இருக்கிற பெரிய தெருவில் பிறந்த ஒருவர் என்னை அண்ணை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எல்லாவற்றிலும் என்று சொல்லிப் படலையைத் திறந்தேன்.

கிணறு கிணறாகப் போய்ப் போத்தலில் தண்ணீர் எடுத்தோம். முப்பத்தாறு போத்தல். திரும்பும் வழியில் மழை பிடித்து, அவர் கிணற்றின் பெயர் எழுதி ஒட்டிய துண்டுகள் எல்லாம் ஊறி விழுந்துவிட்டன. மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். நான் போத்தல்களை வரிசையாக வைத்து, இது தபால் மாஸ்டர் வீட்டுக் கிணறு, இது வைரவர் கோயிலடி என்று முப்பத்தாறையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. நாலைந்து கிணற்றில் திரும்ப எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு வந்து, "உங்கடை மண்டைக்குத்தான் சம்பளம் தந்திருக்கவேணும்" என்றார். அதற்குப் பிறகு துண்டு ஒட்டுவதை விட்டுவிட்டார்.

சோதனையில் வந்தது இதுதான். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட யூரியா முழுக்கக் கீழே இறங்கியிருந்தது. கக்கூசுக் குழிகளின் ஊறலும் சேர்ந்திருந்தது. கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாத தண்ணீர். தப்பியிருந்தது ஒரே ஒரு கிணறு. எங்கள் ஒழுங்கையின் முடிவில், கல்லுக் காணிக்குள் என் தகப்பன் வெட்டிய கிணறு. காரணத்தையும் மிஸ்தான் சொன்னார்.

"உங்களுக்கு ஒருத்தரும் தோட்டக் காணி தரேல்லை. அதாலை உங்கடை தண்ணி தப்பியிட்டுது, அண்ணை."

சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

பிறகு அவர் தொடங்கியது பெரிய வேலை. கடன் எடுத்து மோட்டரும் தண்ணீர்த் தாங்கியும் வடிகட்டும் இயந்திரமும் பூட்டினார். எங்கள் ஒழுங்கைப் பெண்கள் ஏழு பேர் கான்களில் நிரப்புவார்கள். என் மச்சான் கந்தையா லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வீடு வீடாகக் கொண்டுபோவார். பட்டணத்துப் போத்தல் தண்ணீரைவிட விலை குறைவு. வருகிற லாபத்தில் தோட்டக்காரருக்கு மாட்டெருவும் இலைகுழையும் கொடுத்து யூரியாவைக் குறைக்க வைப்பது, குழிகளுக்கு அடி கட்டுவது, இருபது வருஷத்தில் முப்பத்தைந்து கிணறும் மாறும் என்பது அவருடைய எண்ணம். "உங்கடை கிணறு மற்றக் கிணறுகளைக் காப்பாத்தப் போகுது" என்று பெண்களிடம் சொல்வார். அப்படி ஒரு யோசனை படித்தவர்களில் வேறு யாருக்கும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஊர் குடித்தது. நாலு வருஷம் குடித்தது. கானில் நீல மூடி இருந்தது, பெயர் இல்லை. மிஸ் கொடுக்கிற தண்ணீர் என்று மட்டும் சனத்துக்குத் தெரியும். மிஸ் பெரிய தெரு ஆள். கோயில் கொடியேற்றத்துக்குத் தண்ணீர்ப்பந்தலில் வைத்ததும் அதுதான். சாமிக்கு முன்னால் எங்கள் தண்ணீர் போனதை நான் வெளிவீதியில் நின்று பார்த்தேன்.  தபால் மாஸ்டர் என்னையே கூப்பிட்டு, இப்படியொரு தண்ணீரைத் தன் வயதில் குடித்ததில்லை என்று புகழ்ந்தார். பதினெட்டு தோட்டக்காரர் எருவுக்கு மாறினார்கள்.

பிறகு இந்தத் தண்ணீர் வேலைக்காகக் கொழும்பில் பரிசு கிடைத்தது. படம் பிடிக்க ஆட்கள் வரப்போகிறார்கள் என்று மிஸ் சொன்ன அன்று, நான் கிணற்றுக்கட்டில் வைத்து அவரைக் கெஞ்சினேன்.

"மிஸ், கிணத்தின்ரை பேரைச் சொல்லாதையுங்கோ. குடிக்கிறவை குடிக்கட்டும்."

"ஒளிச்சுக் குடுத்தா அது வெறும் தண்ணி அண்ணை. தெரிஞ்சு குடிச்சாத்தான் ஊர் திருந்தினதெண்டு அர்த்தம்."

"திருந்தாட்டி?"

"நாலு வருசம் குடிச்ச வாய். இனி என்ன சொல்லப் போகுது?"

அவரில் எனக்கு இன்றைக்கும் அந்தக் கோபம் உண்டு. எங்களைக் கேட்கவில்லை. ஏழு பெண்களின் வேலையும் ஊர் குடிக்கிற அந்த வாயில்தான் இருந்தது. ஆனால் படம் பிடிக்க வந்தவர்களுக்கு முன்னால் என்னைக் கிணற்றடியில் நிறுத்திவிட்டு, "உங்கடை முழுப் பேர் என்ன, அண்ணை?" என்று கேட்டார். என்னை ஊர் சின்னவன் என்றுதான் கூப்பிடும். பிறப்புப் பதியப் போனபோது இந்தச் சாதிக்கு இந்தப் பெயர் போதும் என்று அவர்களே வைத்தது. தகப்பன் வைத்த பெயரை நான் சொன்னேன். மிஸ் அதை எல்லோருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொன்னார். ஒழுங்கையின் பெயரைச் சொன்னார், கிணறு வெட்டிய என் தகப்பனின் பெயரைச் சொன்னார்.

ஒரு கிழமைக்குள் அந்தப் படம் எல்லார் கைத்தொலைபேசியிலும் போய்விட்டது. அடுத்த திங்கட்கிழமை கந்தையா லாண்ட்மாஸ்டரில் கொண்டுபோன கான்களில் மூன்று வீடு எடுத்தவை போக, மற்ற அத்தனையையும் நிறைந்தபடியே திருப்பிக் கொண்டுவந்தார். ஒருவரும் சாதி என்று சொல்லவில்லை. ஒரு வீட்டில் தண்ணீர் மணக்கிறதாம். ஒரு வீட்டில் டொக்டர் வேண்டாமென்றாராம். தபால் மாஸ்டர் படலையில் நின்று, "தம்பி, இப்ப எங்களுக்குத் தண்ணி அவ்வளவு தேவைப்படுறேல்லை" என்றாராம். அவருடைய சொந்தக் கிணறுதான் முப்பத்தாறிலும் மோசமானது.

சிலர் மிஸ்ஸிடம் புத்தி சொன்னார்கள். வேறொரு இடத்தில் தண்ணீர் எடுக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கோ, எல்லாம் சரியாகிவிடும். அவர் சொல்லவில்லை. கான்களில் எங்கள் ஒழுங்கையின் பெயரை அச்சடித்து ஒட்டினார். அதற்குப் பிறகு மிச்சம் இருந்த மூன்று வீடும் விட்டுப்போனது. எருவுக்கு மாறிய தோட்டக்காரர் யூரியாவுக்குத் திரும்பினார்கள். ஏழு பெண்களில் இரண்டு பேர் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள்.

மோட்டரை நிறுத்திய அன்று பின்னேரம், அதற்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மிஸ் சொன்னதை நான் மறக்கமாட்டேன்.

"நான் தண்ணியைத்தான் சோதிச்சனான், அண்ணை. குடிக்கிறவையைச் சோதிக்க மறந்துபோனன்."

அதற்குப் பிறகும் ஐந்து வருஷம், ஒவ்வொரு நாளும் தனக்கொரு கான் நிரப்ப ஸ்கூட்டரில் வந்தார். ஆஸ்பத்திரியில் நான் கடைசியாகப் பார்த்தபோது, "என்னைக் குளிப்பாட்ட எங்கடை கிணத்துத் தண்ணி கொண்டு வாங்கோ. தம்பியிட்டைச் சொல்லியிருக்கிறன்" என்றார். எங்கடை என்றுதான் சொன்னார்.

செத்தவீட்டன்று நான் இரண்டு கான் கொண்டுபோனேன். தம்பியார் மரியாதையாகத்தான் பேசினார். கதிரை போடச் சொன்னார். "உதிலை வையுங்கோ, எடுப்பினம்" என்று படலைப் பக்கம் கையைக் காட்டினார். உள்ளே வாளி விழுகிற சத்தம் கேட்டது. மிஸ்ஸே சோதித்து, கூடாதென்று சொன்ன அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் அவரைக் குளிப்பாட்டினார்கள். பறை முழங்கிப் பாடையைத் தூக்கும் வரைக்கும் என் கான்கள் நீல மூடி திறக்காமல் படலையில் இருந்தன.

நான் மூடியைத் திறந்து, பாடை போகிற வழி நெடுக இரண்டு கானையும் ஊற்றினேன். தண்ணீர் வெயிலில் பளிச்சென்று ஓடியது. பின்னால் வந்த ஒருவர், "நல்லது, தூசி அடங்கும்" என்றார். அந்த ஈர மண்ணை மிதித்துக்கொண்டுதான் ஊர் முழுக்கச் சுடலைக்குப் போனது.

போய் வாருங்கள், மிஸ். கிணறு இருக்கிறது. தண்ணீர் இன்னும் நல்லாகத்தான் இருக்கிறது. அன்று படம் பிடித்தபோது கிணற்றுக்கட்டில் நின்றவர்கள் நாங்கள் நாலு பேர். என் மனைவி பொன்னி கொரோனா வருஷத்தில் போனாள். கந்தையா போன வைகாசியில் போனார். இப்போது நீங்கள். அந்தக் கல்வெட்டில் இல்லாத பெயர், நீங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்ன பெயர், மிச்சமாக உயிரோடு இருக்கிற பெயர்: கிணறு வெட்டிய வல்லியின் மகன் கணபதிப்பிள்ளை.