பின்னுக்கு நிண்டவர் அடிச்ச ஒரேயொரு கோல்

நோபல் பார்க்கில எங்கட வேலிக்கு அங்கால இருக்கிறவர் ஸ்கொட்லாந்துக்காரர். முந்தி உதைபந்துதான் அவருக்குத் தொழில். தன்ர ஊரில கன வருஷம், பிறகு இஞ்ச மெல்பேர்ணில, முழங்கால் பழுதாகுமட்டும் விளையாடினவர். நான் அஞ்சாம் வகுப்போட நிண்டவள், இங்கிலீஷ் கொஞ்சம்தான். அவர் கதைக்கிறதும் இங்கிலீஷ்தான் எண்டு மகள் சத்தியம் பண்ணுவாள். ஆனால் அவளே ரெண்டு தரம் கேட்டுத்தான் விளங்கிக்கொள்ளுறவள். நானும் அவரும் கையாலதான் கூடக் கதைக்கிறது. அதாலயோ தெரியாது, வெளியாக்களைக் கண்டால் வாய் திறக்காத எனக்கு அவரோட மட்டும் கூச்சமில்லை.

முதல் தரம் தோசை குடுத்துவிட்ட கோப்பையை வெறுமையாத் திருப்பித் தந்தார். எங்கட ஆக்கள் வெறுங்கோப்பை குடுக்கிறேல்லை எண்டு மகள் பகிடியாச் சொன்னாள். அதுக்குப் பிறகு எப்பவும் தன்ர மரத்துத் தேசிக்காய் போட்டுத்தான் தருவார். அந்தத் தேசிக்காயளை வேலிக் கட்டையில அடுக்கித்தான், மகள் மொழிபெயர்க்க, தன்ர வேலையையும் விளங்கப்படுத்தினவர்.

"இது கோலி, வலையைக் காக்கிறவர். அவருக்கு முன்னால நான். எதிராளி பந்தோட வந்தால் மறிக்கிறது."

"மறிக்கிறது மட்டுமோ? கோல் அடிக்கிறேல்லையோ?"

"இல்லை."

"அவ்வளவு வருஷமும் மறிச்சுக்கொண்டோ நிண்டனீங்கள்? எங்கட வாசல் கேற்றும் அதைத்தானே செய்யுது!"

இதை மொழிபெயர்க்க மாட்டன் எண்டு மகள் நிண்டாள். நான் கேற்றைக் காட்டி, அவரைக் காட்டினன். விளங்கிச் சிரிச்சார்.

பிறகு காணேக்கை எல்லாம் "கோல்?" எண்டு கேட்பன். இல்லையெண்டு தலையாட்டுவார். ஒரு நாள் ஒரு விரலைக் காட்டினார். ஒண்டு! காட்டச் சொல்லி விடாமல் நிண்டன். மனமில்லாமல் போனை வேலிக்கு மேலால நீட்டினார். பழைய படம், நல்ல மழை. பந்து வருது, தலை நிறைய முடியோட இவர் காலை நீட்டுறார், பந்து வலைக்குள்ள. நான் நல்லாக் கை தட்டினன்.

உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிண்ட மகள் ஓடிவந்து பார்த்தாள்.

"ஐயோ அம்மா! அது சேம் சைட் கோல். தங்கட வலைக்குள்ளயே அடிச்சுப்போட்டார்!"

எனக்கு முகத்தை எங்க வைக்கிறதெண்டு தெரியேல்லை. அவர் வேலியைப் பிடிச்சுக்கொண்டு கண்ணீர் வரச் சிரிச்சார். சிரிச்சு முடிய மகளிட்டச் சொன்னார்: அது இஞ்ச நடந்த கிண்ண இறுதி ஆட்டமாம். அந்தக் கோலாலதான் தோத்ததாம். தங்கட கப்டன் பிறகு ஒரு சொல்லும் கதைக்கேல்லையாம். இவரும் அவரின்ர முகத்தில முழிக்கேல்லை. இப்ப கப்டனுக்குக் கடும் வருத்தம், எழும்பி நடக்கேலாதாம். வாற ஞாயிற்றுக்கிழமை கிளப்பின்ர பழைய ஆக்களுக்கு மத்தியானச் சாப்பாடு, இவரும் வரவேணும் எண்டு கப்டனே கேட்டிருக்கிறார். ஆனால் அங்க ஒவ்வொரு வருஷமும் அந்தப் படத்தைப் போடுவினம். அதுதான் இவர் போறேல்லை.

"அம்மா வந்தால் நான் போறனாம்," எண்டாள் மகள்.

கோயில் அன்னதானத்திலயே கடைசிப் பந்தியில, மூலையில இருக்கிறவள் நான். முழங்கால் நோகுது எண்டு காட்டினன். அவர் கழுசானை மேல இழுத்துத் தன்ர முழங்காலைக் காட்டினார். தைச்சுத் தைச்சுப் பாவிச்ச சாக்கு மாதிரி இருந்தது. என்ர நோ எடுபடேல்லை.

மகளோட போனம். கப்டன் முன்னுக்குச் சக்கரக் கதிரையில. ஆரையும் தாண்ட விடாத எங்கட ஆள், ஓடுறதுக்கு வசதியா வாசலோட கதிரை பிடிச்சுக்கொண்டு இருந்தார். சுவரில படம் ஓடினது. மழை, பந்து, கால், வலை. சனம் கெக்கட்டம் விட்டுச் சிரிச்சது. இவர் குனிஞ்சு மேசையையே பார்த்தார்.

நான் கை தட்டினன். இந்த முறை தெரிஞ்சுதான் தட்டினன்.

எல்லாத் தலையும் திரும்பினது. சீலைத் தலைப்பால முகத்தை மூடுவம் எண்டால் கை ரெண்டும் தட்டிக்கொண்டெல்லோ இருக்குது! கப்டன் கதிரையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தானும் மெல்லத் தட்டினார். தட்டி முடிய, இவருக்குக் கையை நீட்டினார்.

இவர் நொண்டி நொண்டிப் போய் அந்தக் கையைப் பிடிச்சார். கப்டன் ஏதோ கேட்டார்.

"என்னவாம்?" எண்டன் மகளிட்ட.

"உனக்கு ஒரு ரசிகை கிடைக்க இவ்வளவு காலமோ எண்டு கேக்கிறார்."

அதுக்கு எங்கட ஆள், ஆமெண்டு தலையாட்டி, என்னட்டப் பழகின ஒரேயொரு தமிழ்ச் சொல்லைச் சொன்னார்:

"ஓம்."

கப்டனுக்கு அது விளங்கேல்லை. ஆனாலும் கையை விடேல்லை.