நான் அறுத்த பிரேக் ஒயர்

கல்மண்டபத்தில் சபீஹாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். என்னைக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன். போதும், இன்று மாற்றப் போவதில்லை.

பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்தவள் அவள். புருஷன் இறந்த பிறகு ஒரு யு.பி.எஸ். சர்வீஸ் கடைக்குக் கூட்டிப் பெருக்கப் போனாள். ஆறே மாதத்தில் அந்தக் கடை மெக்கானிக் அவளிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்தான். அந்தக் கடையை ஒரேயடியாக மூடியதும் தன் வீட்டு முன்னறையிலேயே உட்கார்ந்து, மாமனாரின் துருப்பிடித்த சைக்கிளுக்கு மோட்டார் வைத்தாள். பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார், சட்டத்தின் முக்கோணத்துக்குள் பேட்டரி, அதன்மேல் எண்ணெய் கேனை வெட்டி ஒரு மூடி, கைப்பிடியில் ஆக்ஸிலேட்டர். தெருவே கைகொட்டிச் சிரித்தது. அடுத்த மாதம் அதே தெரு தன் ஓட்டை சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் வாசலில் நின்றது.

நான் அலெக்ஸாண்டர். காசிமேட்டில் மீன் எடுத்து எர்ணாவூர் குடியிருப்புகளில் வீடு வீடாக விற்கிறவன். வலது முழங்கால் போய்விட்டது. மீன் பெட்டியோடு பாலம் ஏறினால் உயிர் போய் உயிர் வரும்.

"இந்தக் கால வெச்சிகினு இன்னும் எத்தினி நாளு மிதிப்பண்ணே? வண்டிய வுட்டுட்டுப் போ" என்றாள் சபீஹா.

நான்கு நாளில் மோட்டாரோடு திருப்பிக் கொடுத்தாள். கொடுக்கும்போது பிரேக் பிடியிலிருந்து போகும் ஒரு சின்ன ஒயரைத் தொட்டுக் காட்டினாள்.

"பிரேக்குல கை வெச்சா மோட்டாரு தானா நின்னுடும். அது இந்த ஒயராலதான். உன் உசுரு இதுலதான் கீது, தொடாத. மீன் வெட்டின ஈரக் கையோட ஆக்ஸிலேட்டரப் புடிக்காத, உப்புத் தண்ணி உள்ள பூந்துடும். பதினஞ்சு நாளைக்கு ஒரு தபா எட்த்துனு வா. தொடச்சி கிரீஸ் வெச்சித் தரேன்."

மண்டையை மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன். கேட்டேனா? நானாவது கேட்பதாவது!

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டுகிறவன் எவனும் பிரேக்கிலிருந்து விரலை எடுக்கமாட்டான். முப்பது வருடப் பழக்கம், எனக்கும் இரண்டு விரல் எப்போதும் அதன்மேலேயே கிடக்கும். அது கொஞ்சம் அழுந்தினாலும் மோட்டார் நின்றது. ஒருநாள் காலை, பாலத்து ஏற்றத்தில் மூன்று முறை நின்றது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துக் காதைக் கிழிக்கிறான். எனக்கு வந்ததே கோபம்! இறங்கினேன். மீன் கத்தியை எடுத்து அந்த ஒயரை அறுத்தேன். இரண்டு முனையையும் மடக்கி, கையிலிருந்த நைலான் நூலால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டினேன். வலை பின்னுகிற கை. வலை முடிச்சுதான் தானாக விழுந்தது. மேலே ஒரு துணியைச் சுற்றி மறைத்தேன்.

வண்டி பறந்தது. பெரிய எஞ்சினியர் என்று எனக்கே நினைப்பு. ஆனால் சபீஹா பார்த்தால் கத்துவாளே என்று சர்வீஸுக்குப் போகவில்லை. ஈரக் கையை ஒருநாளும் துடைக்கவுமில்லை. நாற்றம் போக தினமும் ஹோஸ் பைப்பால் வேறு வண்டியைக் கழுவினேன்.

இரண்டு மாதம் ஓடியது. குடியிருப்பு வாசலில் பூவம்மா கீரைக் கட்டுகளோடு உட்கார்ந்திருந்தாள். வேகத்தைக் குறைக்க ஆக்ஸிலேட்டரை விட்டேன், உப்பேறி இறுகிப்போன அது திரும்பவில்லை. இரண்டு பிரேக்கையும் இறுக்கினேன். மோட்டார் பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பூவம்மாவின் காலில் மோதியது. கணுக்கால் முறிந்துவிட்டது. அவள் போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

கூட்டம் கூடியது. "இன்னாயா, கண்ணு தெர்ல?" என்று சட்டையைப் பிடித்தார்கள்.

"நான் இன்னா பண்றது? பிரேக்கு புடிச்சாலும் மோட்டாரு நிக்கலியே!" என்றேன்.

ஒரு வார்த்தை பொய்யில்லை. சீ, அதுதான் அசிங்கம்.

கூட்டத்தில் கரோலின் நின்றிருந்தாள். அந்தக் குடியிருப்பில் இட்லி மாவு அரைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போடும் எட்டுப் பெண்களுக்குத் தலைவி. எட்டு சைக்கிளுக்கும் மோட்டார் வைக்க சபீஹாவிடம் அப்போதுதான் பேசி முடித்திருந்தாள். சபீஹாவுக்கு அதுவரை கிடைத்ததிலேயே பெரிய வேலை. அன்று சாயங்காலமே கரோலின் என்னையும் வண்டியையும் கல்மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"உன்ன நம்பி எட்டு பேரு ரோட்ல போவணுமா? எங்களுக்கு வாணாம்மா" என்று தெருவே கேட்கச் சொன்னாள்.

சபீஹா எழுந்து வந்தாள். வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். கைப்பிடித் துணியை லேசாக விலக்கினாள். கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்தாள். பிறகு துணியைப் பழையபடி மூடினாள்.

"உனக்கு அடி கிடி பட்டுச்சாண்ணே?" என்றாள்.

"இல்ல" என்றேன். அத்தனை பேர் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு அவள் வாசலில் சைக்கிள் நிற்கவில்லை. "ஆள மோதுற வண்டி செய்றவ" என்று பேர் வந்துவிட்டது. நான் வண்டியை அவளிடமே விட்டுவிட்டு, தலையில் பெட்டியோடு நொண்டிக்கொண்டு மீன் விற்றேன். அவள் அறையைத் தாண்ட வேண்டுமே என்று சந்து மாறிப் போனேன்.

மூன்று வாரம் கழித்துத்தான் பூவம்மாவைப் பார்க்கப் போனேன். அதற்கே அத்தனை நாள் ஆயிற்று எனக்கு. கட்டிலோரம் ஒரு தூக்குவாளி இருந்தது.

"அந்த பாய் வூட்டுப் பொண்ணு டெய்லி கஞ்சி எட்த்துனு வர்து. தன்னாலதான் ஆச்சோன்னு மருகுதுப்பா, பாவம்" என்றாள் பூவம்மா.

அங்கே என்னால் உட்கார முடியவில்லை. நேராகச் சபீஹா வீட்டுக்குப் போனேன்.

"ஒயர நான்தாம்மா அறுத்தேன்."

அவள் நிமிரவில்லை. "தெரியும்ணே. அது வலை முடிச்சு. எங்க வூட்ல யாருக்கும் போடத் தெரியாது."

"அன்னிக்கே தெரியுமா? அப்போ ஏம்மா சொல்லல?"

"நான் சொன்னா, தப்பிக்க உம்மேல பழி போடறேன்னுவாங்கோ. நீ சொன்னாத்தான் நம்புவாங்கோ. வருவன்னு முடிச்ச அவுக்காம வெச்சிகினு கீறேன்." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஆனா நானும் தப்பு பண்ணிட்டேன். ரெண்டு மாசமா நீ வர்ல. நான் வந்து பாத்திருக்கணும்."

செருப்பால் அடித்திருந்தால் தேவலை. மூலையில் என் வண்டி அப்படியே நின்றது. ஒயரும் முடிச்சும் துணியும் அப்படியே இருந்தன.

எர்ணாவூர் வரை தள்ளிக்கொண்டே போனேன். முழங்கால் வீங்கிவிட்டது, வீங்கட்டும் என்று விட்டேன். கரோலினையும் மாவுக்காரப் பெண்களையும் பூவம்மா வீட்டு வாசலுக்குக் கூப்பிட்டேன். துணியை அவிழ்த்துக் காட்டினேன். எப்போது அறுத்தேன், ஏன் மறைத்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். ஒருத்தி தூவென்று துப்பினாள். கரோலின் என்னைப் பார்க்கவே பிடிக்காமல் திரும்பி, எட்டு சைக்கிள் வேலையை மறுபடி பேச, போனை எடுத்து சபீஹாவைக் கூப்பிட்டாள்.

பூவம்மா மட்டும் கட்டுப் போட்ட காலை நீட்டியபடி, வண்டியைக் கிட்டே கொண்டுவரச் சொன்னாள். அந்த முடிச்சை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"நல்லா இறுக்கித்தான் கட்டிக்கீறப்பா" என்றாள்.