தொண்ணூற்றேழு சதவீதம் சும்மா

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

திருப்பரங்குன்றம் சாலையில், ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்த டைப்பிங் ஆபீசில் அப்போது வேலை பார்த்தேன். வெளிநாட்டுப் பழைய புத்தகங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். கரண்ட் வருவதும் போவதுமாக இருந்த காலம். போனால் யுபிஎஸ் பேட்டரிதான் கதி. அது சீக்கிரம் தீராமலிருக்க, எந்தக் கம்ப்யூட்டர் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று காட்டும் சாஃப்ட்வேரை முதலாளியின் மச்சினன் எல்லாவற்றிலும் போட்டுவிட்டான்.

கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் எவ்வளவு நேரம் விழித்திருந்து கரண்ட் இழுத்தது, எவ்வளவு நேரம் சும்மா கிடந்தது என்று அதில் ஓர் அட்டவணை வரும். முதலாளியின் கண் அதில் விழுந்தது. வந்தது வினை.

"ஏம்மா, உங்க மிஷின் தொண்ணூத்தேழு சதவீதம் சும்மா கெடந்திருக்கு. அம்புட்டு நேரமும் என்ன செஞ்சீங்க? இப்படியே போனா அடுத்த மாசம் வேற ஆளத்தான் பாக்கணும்."

விரல் முட்டியெல்லாம் வலிக்க அடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து இந்தப் பேச்சு! ஆபீசிலேயே அதிகப் பக்கம் அடிப்பவள் நான். என் சம்பளம் வந்தால்தான் வீட்டில் அடுப்பெரியும்.

"சார், ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவுல அது தூங்கிருது. நம்ம கை வேகமெல்லாம் அதுக்கு ஒரு வேலையே இல்ல. நீங்களே அடிச்சுப் பாருங்க" என்றேன்.

அடித்தார். தொண்ணூற்றெட்டு.

"அப்ப எங்க மச்சினன் மிஷின்ல மட்டும் எப்படிக் கொறையுது?" என்றார்.

மச்சினன் நாள் முழுக்கச் சினிமா பார்த்துக்கொண்டிருந்தான். படம் ஓடினால் பிராசஸர் அவ்வளவு லேசில் கண் மூடாது. ஆபீசிலேயே பெரிய உழைப்பாளி அவன்தான்! சொந்தக் கையால் அடித்துப் பார்த்தும் நம்பாத மனிதரிடம் இனி என்ன பேசுவது?

மறுநாள் நானும் ஒரு படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, டைப் அடிக்கும் பக்கத்துக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். ஒரு காட்சிகூடப் பார்க்கவில்லை. அடித்ததும் வழக்கமான பக்கங்கள்தான். ஆனால் அட்டவணையில் சும்மா கிடந்த கணக்கு மளமளவென்று இறங்கியது. என்னைப் பார்த்து மற்றப் பெண்களும் ஆளுக்கொரு படம் போட்டார்கள். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

வேலை தப்பியது. கரண்ட் போனால் யுபிஎஸ்தான் முன்னைப்போலத் தாங்கவில்லை. ஒருநாள் அது கீச்சிட்டு அணைந்தபோது முதலாளி என் பக்கத்தில் நின்றிருந்தார்.

"எல்லாரும் இம்புட்டு உழைக்கிறீங்க, இந்தப் பாழாப்போன பேட்டரி தாங்க மாட்டேங்குதே!"

அடித்து முடித்த அரைப் பக்கம் போயிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரண்ட் வந்ததும் முதலில் படத்தைப் போட்டேன். பிறகுதான் பக்கத்தை எடுத்தேன்.